சமதரையில் வந்த தலைசுற்றல்

மகனே,

நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்கப் போவதில்லை. உன் வண்டி நன்றாக இல்லை என்று எனக்குத் தெரியும், அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே வைத்துவிடுகிறாய். அதற்கு மேல் பேசினால் வெள்ளிமலையில் சிக்னல் இல்லை என்கிறாய். கடிதத்துக்கு சிக்னல் வேண்டாம். காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன், உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். உட்கார்ந்து கடைசி வரைக்கும் படி. படித்த பிறகு அங்கே பிக்கப் வைத்திருக்கும் உன் கூட்டாளிகளுக்கும் படித்துக் காட்டு, எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

போன வாரம் உன் தங்கச்சி கல்யாணப் பத்திரிகையை வாங்கிப்போக நீ கச்சிராயபாளையம் வந்திருந்தாய். கிளம்பும்போது வண்டியை ஸ்டார்ட் பண்ணினாய் பார், அப்போது நான் வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். முதல் கொஞ்ச நேரம் என்ஜினுக்கு அடியிலிருந்து டப்பு டப்பு என்று ஒரு சத்தம் வந்தது. வண்டி சூடேறியதும் அடங்கிவிட்டது. உன்னைக் கேட்டேன். "அது ஒண்ணுமில்லமா, சைலன்சர்ல சின்ன ஓட்ட. பசை வெச்சி அடச்சிட்டேன், சத்தம் கம்மியாயிடுச்சி" என்றாய். அதோடு விட்டிருப்பேன். ஆனால் உன் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் இருந்தது. இது எதற்கு என்றேன். "பின்னாடி ஏர்ற ஜனங்களுக்கு. இப்பல்லாம் வளைவு அவங்களுக்கு ஒத்துக்க மாட்டேங்குது, தல வலி, மயக்கம்ங்கறாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். அன்று ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. பிறந்ததிலிருந்து அந்த மலையில் ஏறி இறங்குகிற ஜனத்துக்கு வளைவு திடீரென்று ஏன் ஒத்துக்கொள்ளாமல் போகிறது?

கல்யாணத்துக்கு முந்தின நாள் மலையில் இருக்கிற ராமாயியையும் அவள் மகள்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரையும் உன் வண்டியில் ஏற்றி, படுதா கட்டி, கள்ளக்குறிச்சி மண்டபத்துக்குக் கொண்டுவருவதாக நீ வாக்குக் கொடுத்திருக்கிறாய். நல்ல காரியம். ராமாயி நமக்கு உறவுமுறை இல்லை, ஆனாலும் அவள் வராமல் இந்த வீட்டில் ஒரு விசேஷம் நடந்ததில்லை. அது ஏன் என்று நீ கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது. இட ஒதுக்கீடு கேட்டு நம் பக்கத்து ஜனங்கள் ரோட்டில் இறங்கிய வருஷம். உன் அப்பாவிடம் அப்போது ஒரு பழைய டீசல் பிக்கப் இருந்தது. மலையிலிருந்து புளி, கடுக்காய், மரவள்ளிக் கிழங்கு எல்லாம் ஏற்றிவருவார், மூட்டைக்கு மேலேயே ஆட்களையும் ஏற்றிக்கொள்வார். அந்த வண்டிக்கு பேட்டரி எப்போதும் சோப்ளாங்கி. மலையில் அதைப் பற்றிக் கவலையில்லை, சரிவாகப் பார்த்து நிறுத்துவார், சக்கரத்துக்குக் கொடுத்த கட்டையை எடுத்தால் வண்டி உருளும், கியரைப் போட்டால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். கீழே வந்துவிட்டால் உருட்ட இடமில்லை. அதனால் சமதரையில் எங்கே நின்றாலும் என்ஜினை அணைக்கவே மாட்டார். டீக்கடையில் அவர் டீ குடிக்கிற நேரமெல்லாம் வண்டி வெளியே உறுமிக்கொண்டே நிற்கும். இந்தப் பக்கத்தில் பாதி வண்டிக்காரர்கள் அப்படித்தான்.

அந்த வண்டியில் வருகிறவர்களுக்குத் தலை சுற்றும், குமட்டும். எல்லாரும் மலை வளைவுதான் காரணம் என்றோம். நம் கொல்லையில் நின்ற எலுமிச்சை மரம் அப்போது காய்த்துக் கொட்டும். நான் கூடையில் போட்டுக் கொடுப்பேன், ஆளுக்கு ஒரு பழம், மோந்துகொண்டே வருவார்கள். உன் அப்பா வண்டியில் போனால் எலுமிச்சம்பழம் இனாம் என்று மலையில் பேரே இருந்தது. எனக்கு அதில் பெருமை வேறு. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடித்துக்கொண்டிருந்தோம், ஒருத்தருக்கும் தெரியவில்லை.

மறியல் தொடங்கிய அன்று மலையில் இருந்தவர்களுக்குச் சேதி வரவில்லை. வழக்கம்போல சந்தைக்கு இறங்கினார்கள். ராமாயிக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது, புருஷனோடு முதல் முறையாகக் கள்ளக்குறிச்சி பார்க்கக் கிளம்பியிருந்தாள். எனக்கும் டவுனில் வேலை இருந்தது. முன்னால் ஒரு புளி வியாபாரி உட்கார்ந்திருந்தார், அதனால் நான் கச்சிராயபாளையத்தில் பின்னால் ஏறிக்கொண்டேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரம் வெட்டிக் கிடந்தது. திருப்பலாம் என்று பார்த்தால் பின்னாலும் ஒன்றைச் சாய்த்துவிட்டார்கள். நடுவில் நாங்கள். உன் அப்பா பயந்துபோய், "யாரும் தலைய நீட்டாதீங்க, கல்லு கில்லு வந்துடப் போவுது" என்று சொல்லிப் படுதாவை நாலு பக்கமும் இழுத்துக் கட்டினார். பிறகு முன்னால் போய் மரம் வெட்டி மறியல் செய்த பிள்ளைகளிடம் வழி கேட்டு மன்றாடிக்கொண்டு நின்றார். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

உள்ளே முதலில் நாங்கள் பேசிக்கொண்டுதான் இருந்தோம். ராமாயி என்னிடம் டவுனில் வளையல் எங்கே வாங்கலாம் என்று கேட்டாள். நான் பதில் சொன்னது நினைவிருக்கிறது. அப்புறம் நெற்றிப்பொட்டில் வலித்தது. பழத்தை எடுத்து மோந்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்கு வலிகூடத் தெரியவில்லை, கண் சொக்கியது, உடம்பெல்லாம் சுகமாகத் தளர்ந்தது. மகனே, இதைத்தான் நீ நினைவில் வைக்க வேண்டும். சாவு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, எனக்கோ நல்ல தூக்கம் வருவதுபோல இருந்தது. வண்டிக்குள் ஒருத்தரும் பேசவில்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

எங்களைக் காப்பாற்றியது மரத்தை வெட்டிப் போட்ட பிள்ளைகளில் ஒருத்தன்தான். பின்னால் என்ன ஏற்றி வருகிறார்கள் என்று பார்க்க வந்திருக்கிறான். படுதாவைத் தூக்கியவன், "டேய், எல்லாம் மடிஞ்சி கெடக்கறாங்கடா! ஓடியாங்கடா!" என்று அலறினான். எல்லாரும் ஓடிவந்து எங்களை ஒவ்வொருவராகத் தூக்கி, வெட்டிப்போட்ட மரத்தின் ஓரத்திலேயே மழையில் கிடத்தினார்கள். காற்று பட்டதும் நான் வாந்தி எடுத்தேன், எழுந்து உட்கார்ந்தேன். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கண் திறந்தார்கள். ராமாயி திறக்கவில்லை. மூச்சு இருந்தது, கூப்பிட்டால் பதில் இல்லை. அவள் புருஷன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தப் பிள்ளைகள் கோஷத்தையெல்லாம் விட்டுவிட்டு, தோளில் இருந்த துண்டால் விசிறினார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று மரத்தை நகர்த்தப் பார்த்தார்கள், அவர்கள் வெட்டிய மரத்தை அவர்களாலேயே அசைக்க முடியவில்லை. அவள் கண் திறப்பதற்குள் நான் வேண்டாத சாமி இல்லை.

அவள் எழுந்த பிறகு உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "வேற ஒண்ணுமில்ல, வளைவு ஒத்துக்கல" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இங்க ஏதுங்க வளைவு? வண்டி நவுரவே இல்லியே!" என்றேன். ராமாயிதான் மெல்லச் சொன்னாள்: "அக்கா, வளைவுல வந்தா வாந்தி வரும். இது தூக்கமா வந்துச்சி." நான் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். பலகை இடுக்கெல்லாம் கரி. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே புகை சாவகாசமாக மேலேறிக்கொண்டிருந்தது. படுதாவுக்குள் அடைந்த அந்த விஷப் புகையைத்தான் அத்தனை நேரமும் மூச்சாக இழுத்திருக்கிறோம்.

சாயங்காலம் அந்தப் பிள்ளைகளே வயல் ஓரமாக ஒரு மண் பாதையைக் காட்டினார்கள். படுதாவைக் கழற்றிவிட்டு, நனைந்துகொண்டே வீடு வந்தோம். ராமாயியும் அவள் புருஷனும் நம் வீட்டில்தான் தங்கினார்கள். எனக்கு இனிமேல் பிரச்சினை இல்லை என்று பட்டது, காரணம் தெரிந்துவிட்டதே. ஆனால் மறுநாள் காலையில் உன் அப்பா, மேலே இன்னும் புளி கிடக்கிறது, மலைக்குப் போகிற வழியில் அணைக்கட்டுப் பக்கம் மரம் விழவில்லையாம், ஒரு நடை போய்வந்துவிடுகிறேன் என்று நாலு பேரை விட்டு வண்டியைத் தள்ளி என்ஜினைப் பிடிக்கவைத்தார். ஓட்டையை எப்போது அடைப்பீர்கள் என்றேன். "மறியல் முடியட்டும், உளுந்தூர்பேட்டையில மெக்கானிக் கிட்ட காட்டலாம். படுதா கட்டாம ஓட்டறேன், போதுமா? என் வண்டிய கொற சொல்றதே உனக்குப் பொழப்பா போச்சி" என்றார்.

ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய் வண்டிக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். "இன்னாடி இது?" என்றார். "மறியல்" என்றேன். "நீயுமா?" "ஊரே பண்ணுதே, நான் பண்ணக் கூடாதா?" அக்கம்பக்கம் கூடிவிட்டது. யாரோ, "கோரிக்க இன்னான்னு கேளுப்பா" என்று கிண்டல் செய்தார்கள். "ஒரே கோரிக்கதான். ஓட்டய அடைக்காம இந்த வண்டி நவுரக் கூடாது" என்றேன். அவர் ஹாரன் அடித்தார். வேகமாக என்ஜினை உறுமவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்களை விட்டுச் சொல்லிப் பார்த்தார். வெயில் ஏறியது. கொஞ்ச நேரத்தில் ராமாயி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்துத்தான் உன் அப்பா இறங்கினார். இறங்கியவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "ஸ்பேனர் எங்க வெச்சே?" என்று கேட்டார்.

பட்டறை எல்லாம் பூட்டியிருந்தது, சாமான் வாங்க வழியில்லை. வீட்டில் இருந்ததை வைத்துத்தான் செய்தோம். நீ இதைக் கவனமாகப் படி. வண்டியை வெட்டவெளியில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் கொடுத்தோம். என்ஜின் ஆறியிருக்கும்போதே தேட வேண்டும், சூடேறினால் இரும்பு விரிந்து ஓட்டை மறைந்துகொள்ளும், உன் வண்டியில் சத்தம் அடங்கியதும் அதனால்தான். நான் சோப்பைக் கரைத்து ஒரு பழைய பிரஷ்ஷால் ஒவ்வொரு மூட்டிலும் தடவினேன். உன் அப்பா கடன் வாங்கிய பேட்டரியை மாட்டி என்ஜினைப் போட்டார். ராமாயி புருஷன் பின்னால் புகைக்குழாய் வாயில் ஈரக் கோணியை நொடி நேரம் அழுத்திப் பிடித்து எடுத்தான். என்ஜினிலிருந்து குழாய் இறங்குகிற மூட்டில் நுரை பொங்கியது. அங்கே ரெண்டு இரும்புக்கும் நடுவில் புகை கசியாமல் அடைத்திருக்க வேண்டிய பேக்கிங் தீய்ந்துபோய்ப் பாதிதான் இருந்தது.

நட்டு எல்லாம் துருவேறிக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிடலாம் என்றேன். பதறாத காரியம் சிதறாது என்பார்கள், உன் அப்பாவுக்கு அது பொருந்தாது, பலத்தைக் காட்டினார், நட்டு மாட்டியிருந்த ஒரு ஸ்டட், அதாவது தலையில்லாத திருகாணி, படக்கென்று முறிந்தது. அவர் திட்டிய திட்டை எழுத முடியாது. நல்லவேளை, கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் என் பேச்சைக் கேட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டார். காலையில் முறிந்த துண்டை அரத்தால் ரெண்டு பக்கமும் தட்டையாக்கி, பைப் ரென்ச்சால் பிடித்து, முன்னும் பின்னும் மெல்ல மெல்ல ஆட்டி எடுத்தார், அதற்குப் பதில் வீட்டில் கிடந்த ஒரு போல்ட்டை எடுத்து வைத்துக்கொண்டார். மற்ற நட்டுகள் விரலுக்கே கழன்றன. கிணற்றடி ஆயில் என்ஜினுக்கு வாங்கிவைத்த பேக்கிங் தகடு மிச்சம் இருந்தது. அதை மூட்டின்மேல் வைத்து ஓரத்தைச் சுத்தியலால் லேசாகத் தட்டித் தட்டி அச்சு எடுத்து வெட்டினோம். நீ அப்படிச் செய்யாதே, அந்தத் தகட்டின் தூசி நெஞ்சுக்கு ஆகாதாம். கடையில் உன் வண்டிக்கென்றே விற்பதை வாங்கு. பழைய கரியை இரும்பு தெரியும்வரை சுரண்டிவிட்டுப் போடு. ஒரே நட்டை ஒரேயடியாக முடுக்காதே, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கு. வண்டியை ஓடவிட்டு ஆறவைத்து இன்னொரு தரம் முடுக்கு.

மாட்டி முடித்து என்ஜினைப் போட்டபோது புகை கசிகிற சத்தமே இல்லை. உன் அப்பா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "மறியல வாபஸ் வாங்கு" என்றார். இன்னொரு தரம் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கலாம் என்றேன். எரிச்சலோடுதான் சம்மதித்தார். தடவினோம். சைலன்சருக்கு முன்னால், சேறு அப்பிக்கிடந்த இடத்தில், முட்டை முட்டையாக நுரை வந்தது. சேற்றைத் தட்டினால் விரல் நுழைகிற ஓட்டை. நாங்கள் உட்கார்ந்திருந்த பலகைக்கு நேர் அடியில் இருந்தது அதுதான். முதல் ஓட்டை சத்தம் போட்டது, இது சத்தமே போடவில்லை. உன் அப்பா அந்த ஓட்டையைப் பார்த்தபடி ரொம்ப நேரம் மண்ணிலேயே படுத்திருந்தார். எழுந்து வந்து ராமாயி புருஷனிடம், "மன்னிச்சிக்கப்பா" என்றார். அதற்குமுன் அவர் யாரிடமும் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த இடத்துக்கு எண்ணெய் டின்னை வெட்டிச் சுற்றி, ரெண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கினோம். ரோடு திறந்ததும் அந்தத் துண்டையே வெட்டியெடுத்துப் புதுக் குழாய் வெல்டிங் வைத்தார், அதோடு புதுப் பேட்டரியும் போட்டார்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். பசை வைத்தாய், சத்தம் குறைந்தது, அதனால் ஓட்டை போய்விட்டது என்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாய். அந்தச் சூட்டுக்குப் பசை தாங்குமா? சத்தம் போனதைக் கணக்கில் வைக்காதே, பின்னால் வருகிற ஜனத்தின் தலைவலி போயிற்றா என்று கேள். வண்டியைக் குறை சொன்னால் உன்னைக் குறை சொன்னதாக முறைக்கிறாய், அது உன் அப்பாவிடமிருந்து வந்த வியாதி, கட்டிக்கப் போகிறவளிடமாவது அதைக் காட்டாதே. உன் அப்பா இதை நான் எழுதும்போது எட்டிப் பார்த்துவிட்டு, "அவன் பாத்துக்குவான், உடு" என்கிறார். நான் விடுவதாக இல்லை. துருப்பிடித்த குழாயை முழுசாக மாற்று. புகைக்குழாய் வாய் வண்டித் தொட்டியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். ஆள் ஏற்றினால் படுதாவின் பின்பக்கத்தைத் திறந்தே வை, நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம். நின்றால் என்ஜினை அணை. பின்னால் பேச்சுச் சத்தம் நின்றுபோனால் அடுத்த வளைவு வரை போகாதே, அங்கேயே நிறுத்தி இறங்கிப் பார்.

ராமாயியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவள் பஸ்ஸில் வந்துவிடுவாள், உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஒருமுறை எங்கள் வண்டியில் ஏறிச் சாவின் வாசல்வரை போய் வந்தவள், இப்போது எங்கள் பிள்ளையின் வண்டி என்று நம்பிப் பேரப்பிள்ளைகளோடு ஏறப்போகிறாள். அவளுக்கு ஏதாவது ஆனால் தங்கச்சி கழுத்தில் ஏறுகிற தாலியை என்னால் கண்கொண்டு பார்க்க முடியாது.

அதனால் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். நீ அவர்களை ஏற்றுகிற அன்று காலை முதல் பஸ்ஸில் நான் வெள்ளிமலைக்கு வருகிறேன். கல்யாண வீட்டில் தலைக்கு மேல் வேலை கிடக்கிறது, ஆனாலும் வருகிறேன். அவர்கள் ஏறுவதற்கு முன்னால் நான் மட்டும் உன் வண்டியில் பின்னால் ஏறி உட்காருவேன். நீ படுதாவை நாலு பக்கமும் இழுத்துக் கட்டு. என்ஜினைப் போட்டுவிட்டு, ஒரு ஆள் சாப்பிட்டு முடிக்கிற நேரம் வெளியே நில். வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தாயானால் பயமில்லாமல் கட்டுவாய். கட்டும்போது உன் கை தயங்கினால், அந்த வண்டியில் யாரையும் ஏற்றாதே.

அம்மா